கட்டிலுக்குக் கீழே இருந்த எஞ்சின்

பொலிசில் புதிதாகச் சேர்ந்து இந்தக் கரையோர நிலையங்களுக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், அளவற்ற அருளாளனின் பெயரை முதலில் சொல்லிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. கொன்ஸ்டபிளாகச் சேர்ந்து சார்ஜன்டாக ஓய்வு பெற்றேன். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி புத்தளத்திலும் கற்பிட்டிப் பக்கத்திலும்தான் போனது. இப்போது புத்தளத்துத் தில்லையடியில் வீட்டோடு இருக்கிறேன். அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் உங்களில் சிலர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்பதுண்டு: "சேர், இதுக்கு எந்தப் பிரிவு, எத்தன வருசம்?"

வருசங்களைச் சொல்வது லேசு. களவுக்கு மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வழியில் கிடைத்த பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொண்டால் அது கையாடல். அதற்கு இரண்டு வருடம் வரை. களவுப் பொருள் என்று தெரிந்துகொண்டே வைத்திருந்தால் மூன்று. அடித்தோ பயம் காட்டியோ பறித்தால் கொள்ளை; அது பத்து வரை போகும். சட்டங்கள் திருத்தப்படுவதுண்டு, ஆகவே என் ஞாபகத்தை நம்பாமல் புத்தகத்தைப் பாருங்கள்.

என்னை வேலைக்காலம் முழுவதும் யோசிக்க வைத்தது வேறொரு விசயம். ஒருவன் இன்னொருவனுடைய படகு எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். கண்ணால் காண்பது அவ்வளவுதான். அது களவாகவும் இருக்கலாம், கையாடலாகவும் இருக்கலாம், ஒரு குற்றமும் இல்லாமலும் இருக்கலாம். மூன்றையும் பிரிக்கிற கோடு அவனுடைய மனதுக்குள் கிடக்கிறது. கல்புக்குள் இருப்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவன். ஆனால் பொலிஸ்காரன் மாலைக்குள் ஏதாவது ஒன்றை எழுதியாக வேண்டும். அவன் எங்கே போய்த் தேடுவது?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் ஒரு கருவாட்டுச் சாக்கிலிருந்து வந்தது. அதைச் சொல்கிறேன்.

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடித்த ஒரு மாதம். நான் அப்போது கற்பிட்டிக் குடாநாட்டுப் பக்கம் ஒரு நிலையத்தில் இருந்தேன். ஒரு நாள் பின்னேரம் அன்டன் என்ற கடற்றொழிலாளி முறைப்பாடு கொடுக்க வந்தார். சிலாபம் பக்கத்து ஆள். கத்தோலிக்கர். தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் கலந்து பேசுவார். கூட வந்த சொந்தக்காரர்கள் ஒரு சின்ன லொறியில் வெளியே காத்திருந்தார்கள்.

அவருடைய படகு கடலில் எஞ்சின் நின்று அலையில் மாட்டியிருக்கிறது. பக்கத்தில் வந்த இன்னொரு படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு, அவருடைய படகைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறது. வழியில் கயிறு அறுந்தது. கடல் கொந்தளித்தபடியால் திரும்பித் தேட முடியவில்லை. உயிர் தப்பியது போதும் என்று கரைக்கு வந்துவிட்டார்கள். எஞ்சின், வலை, ஐஸ்பெட்டியில் இருந்த மீன் எல்லாவற்றோடும் படகு காற்றோடு வடக்கே போய்விட்டது. சில நாட்களுக்குப் பிறகு, எத்தாளைக்கு அங்கால் ஒரு கரையில் அந்தோனியார் படம் போட்ட படகொன்று கிடக்கிறதென்று அன்டனுக்குக் கதை வந்திருக்கிறது. ஓடிவந்து பார்த்தால் படகு கிடக்கிறது. எஞ்சின் இல்லை, வலை இல்லை, மீன் இல்லை.

அடுத்த நாள் காலை எங்கள் ஆட்கள் அந்தக் கரைக்குப் போனார்கள். படகை இழுத்து வந்தது யாரென்று கேட்டதும் அங்கே நின்றவர்கள் உடனே நௌசாத் என்று பெயரைச் சொல்லி, வீட்டையும் கையால் காட்டினார்களாம். வீட்டில் எஞ்சின் கட்டிலுக்குக் கீழே, தறப்பாளால் சுற்றிக் கிடந்தது. வலை குசினிக் கூரைக்குள் செருகியிருந்தது. ஒரு மூலையில் கருவாட்டுச் சாக்கு. எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றி, நௌசாதையும் கொண்டுவந்தார்கள்.

நௌசாத் கல்யாணம் முடிக்காத இளைஞன். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பத்தில் பிறந்தவன். வாப்பா மௌத்தாகி, உம்மாவோடு இருந்தான். மற்றவர்களுடைய படகில் தொழிலுக்குப் போய்வருவான். கட்டாருக்குப் போக எல்லா வேலையும் முடித்து, பொலிஸ் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. களவு வழக்கு ஒன்று விழுந்தால் முதலில் விளக்கமறியல் சிறை, பிறகு வருசக்கணக்கில் நீதிமன்றத் தவணை. கட்டார் பயணம் அதோடு சரி.

எங்கள் பொறுப்பதிகாரி மலைநாட்டுப் பக்கத்துச் சிங்களவர். நேர்மையான மனிதர், கடல் பழக்கம் இல்லாதவர். என்னைக் கூப்பிட்டு, இவனுடைய வாக்குமூலத்தைத் தமிழில் எடுங்கள், பின்னேரத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும் என்றார். வெளியே ஒரு பக்கம் அன்டனுடைய ஆட்கள். மறுபக்கம் நௌசாதின் உம்மாவும் அவர்களுடைய பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்த சிலரும். இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று பார்க்காமல் பார்த்துக்கொண்டு நின்றன.

எஞ்சினை ஏன் வீட்டுக்குக் கொண்டுபோனாய் என்று முதலில் கேட்டேன். அவனுக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

"பின்ன எங்க சேர் வெக்கிற? எங்கட கரையில எல்லாரும் எஞ்சினக் கழட்டி ஊட்டுக்குத்தான் கொண்டு போற. கரையில விட்டா விடியக்குள்ள இரிக்குமா?"

"கட்டிலுக்குக் கீழ எதுக்கு?"

"ஊட்டுல வேற எடம் இல்ல சேர். அதுக்கு மேலதான் நான் படுக்கிற."

பிறத்தியாருடைய சாமான் வந்ததை யாருக்காவது சொன்னாயா என்று கேட்டேன். ஓம் என்றான். அவர்களுடைய பள்ளியில் சொல்லியிருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மோதினார் ஒலிபெருக்கியில் அறிவித்திருக்கிறார்: இன்ன கரைக்குப் படகொன்று வந்திருக்கிறது, சொந்தக்காரர் அடையாளம் சொல்லி எடுத்துப் போகலாம் என்று. இது அந்தக் கரையின் வழமை. கடலில் மிதந்து வருவது யாருடையதாக இருந்தாலும் பள்ளியில் சொல்வார்கள். சொந்தக்காரர் வருவார், எண்ணெய்ச் செலவைக் கொடுத்து, ஒரு கோர்வை மீனையும் கொடுத்துவிட்டுப் போவார்.

"பொலிசில ஏன் சொல்லல்ல?"

அவன் ஜன்னலால் எங்கள் முற்றத்தைப் பார்த்தான். வழக்குப் பொருளாகப் பிடித்த மோட்டார் சைக்கிள்கள் அங்கே புல்லுக்குள் துருப்பிடித்துக் கிடந்தன. நான் பேச்சை மாற்றினேன்.

"படகுட முன்னுக்கு ஒரு படம் இரிக்கே. கண்டியா?"

"கண்ட சேர். கையில புள்ள வெச்ச ஒரு சாமியார்."

"அப்ப அந்தப் படகுக்காரன் ஜும்ஆவுக்கு வாற ஆளா?"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. காது சிவந்துபோனது. "அத நான் யோசிக்கல்ல சேர்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவனை நான் நம்பினேன். ஆனால் தம்பிமாரே, நான் நம்பியதற்குக் காரணம் அவன் நம்மவன் என்பதாகவும் இருக்கலாம். அதனால் என் நம்பிக்கையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவன் சொன்னதை அப்படியே பொறுப்பதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "சார்ஜன்ட், சாமியார் படத்தைக் கண்டிருக்கிறான். படகின் பக்கத்தில் சிலாபத்து இலக்கம் பெரிதாக எழுதியிருக்கிறது, அதையும் கண்டிருப்பான். கண்டுவிட்டு, சொந்தக்காரன் காதில் ஒருநாளும் விழாத ஓரிடத்தில் போய் அறிவித்திருக்கிறான். கெட்டிக்காரக் கள்ளன் அப்படித்தானே செய்வான்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பொருளைக் கண்டெடுத்தவன், சொந்தக்காரனுக்குக் கொடுப்பதற்காகப் பாதுகாத்தால் குற்றமில்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சொந்தக்காரனைக் கண்டுபிடிக்க வழியிருந்தும், நியாயமான முயற்சி செய்யாமல் தனதாக்கிக்கொண்டால் குற்றம். படகில் இலக்கம் இருந்தது. மீன்பிடிக் காரியாலயத்துக்கு ஒரு போன் எடுத்திருந்தால் போதும். நௌசாதின் அறியாமையும் ஒரு கள்ளனின் தந்திரமும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருந்தன.

அன்டனும் விடவில்லை. அவரை உள்ளே கூப்பிட்டுப் பள்ளி அறிவிப்பைப் பற்றிச் சொன்னபோது கையை விரித்தார்.

"பள்ளியில சொன்னா எனக்கு எப்படிக் கேக்கிற மாத்தயா? சரி, அத விடுங்க. நேர்மையான மனிசன் எஞ்சினக் கட்டிலுக்குக் கீழயா ஒளிச்சு வைப்பான்?"

ளுஹருக்கு நேரமாகிவிட்டது. பின் அறையில் தொழுதுவிட்டு, இந்த மூன்று பக்கத்துக்கும் அநியாயம் நடக்காமல் என் வாயைக் காப்பாற்று றப்பே என்று கேட்டேன். மூன்றாவது பக்கம் எது என்று கேட்பீர்கள். அது நாம்தான். பிழையாக எழுதினால் அந்தப் பாவம் நம் தலையில்.

திரும்பி வரும்போது விறாந்தையில் நின்ற கொன்ஸ்டபிள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். கருவாட்டுச் சாக்கு வெயிலில் சூடாகி நாறத் தொடங்கியிருந்தது. பின்னால் தூக்கிப் போடவா என்று கேட்டான். நான் சாக்கை அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் கட்டா மீன். ஒழுங்காகக் கீறி, உப்பு நன்றாகப் பிடிக்க வைத்து, நல்ல வெயிலில் காய வைத்தது. சாக்கின் வாயை அன்டனுடைய வலையில் கிடந்த நைலோன் கயிற்றாலேயே கட்டியிருந்தார்கள்.

வெளியே போய் உம்மாவிடம் கேட்டேன். "ராத்தா, இந்தக் கருவாடு ஆருட?"

"அது படகுக்காரண்ட. ஐஸ் கரஞ்சி போச்சி. விட்டா நாறிப் போகும் எண்டுதான் உப்புப் போட்டு வெச்சம்."

"நீங்க அதுல கறி ஆக்கினீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அமானிதம் தம்பி, எங்கட பொறுப்புல வந்த சாமான். பேர் தெரியாத மனிசண்ட மீன நாங்க எப்படித் திங்கிற? எங்கட கருவாடு வேற கொடியில கிடக்கு, போய்ப் பாருங்க."

சாக்கைப் பொறுப்பதிகாரியிடம் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் முடிவாக ஏற்கவில்லை. விற்கிறதற்காகவும் கருவாடு போடலாமே என்றார். அதுவும் சரிதான். ஆனால் அந்த வார்த்தையில்தான் எனக்கு ஒரு விசயம் பொறி தட்டியது. விற்கிறதாயிருந்தால் பச்சை மீனாகவே விற்றிருக்கலாம். அந்தக் கரைக்குத் தினமும் மீன் வாங்க ஐஸ் லொறி வருகிறது. கட்டாவுக்கு நல்ல கிராக்கி. அன்றைக்கு லொறி வரவில்லையா?

லொறி வந்தால் கரைக் கதையும் அதோடு போகும் என்று நினைத்தபோது ஒரு கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. முதல் நாளே அன்டனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நாங்கள் ஒருவருமே கேட்கவில்லை.

"அன்டன், உங்கட படகு இங்க கிடக்கெண்டு உங்களுக்கு ஆர் சொன்ன?"

சிலாபம் மீன் சந்தையில் கதைத்தார்களாம், மச்சான் கேட்டுவந்து சொன்னாராம். சந்தையில் யார் சொன்னது என்று கேட்டேன். மச்சானை லொறியிலிருந்து இறக்கிக் கூட்டிவந்தார்கள். அவர் ஓர் ஐஸ் லொறிச் சாரதியின் பெயரைச் சொன்னார். நம்பரும் அவரிடம் இருந்தது. பொறுப்பதிகாரி தன் மேசையில் போனை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

சாரதி சிங்களத்தில் பேசினார். முதலில் பொலிஸ் என்றதும் தயங்கினார். பிறகு சொன்னார்: "அன்று அந்தக் கரையில் ஓர் இளைஞன் ஐஸ்பெட்டி நிறையக் கட்டா வைத்திருந்தான். விலை கேட்டேன். விற்க முடியாது, இது என் மீன் இல்லை, கடலில் கிடைத்த படகுக்காரனுடையது, அவன் வந்து சொல்லாமல் ஒன்றையும் தொட மாட்டேன் என்றான். விலையைக் கூட்டிக் கேட்டும் பார்த்தேன். விசரன் என்று ஏசிவிட்டு வந்தேன். சந்தையில் சிரிப்புக்கு இந்தக் கதையைச் சொன்னேன், சாமியார் படம் போட்ட படகு என்றும் சொன்னேன். ஏன், என்ன நடந்தது?"

பள்ளி ஒலிபெருக்கி அன்டனுடைய காதுக்கு எட்டவில்லை. விற்க மறுத்த மீன்தான் எட்டியிருக்கிறது. ஆனால் சந்தையிலிருந்து வாய்க்கு வாய் மாறி வரும்போது பாதிக் கதை வழியில் உதிர்ந்துபோய், படகு கிடக்கிறது என்பது மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அன்டன் எங்களிடம் வந்து முறைப்பாடு கொடுத்ததற்கே காரணம் நௌசாதின் நேர்மைதான்.

பொறுப்பதிகாரி போனை வைத்தார். பிறகு அவர் என்னிடம், குற்றம் ஒன்றும் வெளிப்படவில்லை, கண்டெடுத்த பொருள் சொந்தக்காரருக்குக் கையளிக்கப்பட்டது என்று எழுதச் சொன்னார். நௌசாதை நேரே நிற்க வைத்துக் கொஞ்சம் கடுமையாகவும் சொன்னார்: "படகில் இலக்கம் இருந்தால் மீன்பிடிக் காரியாலயத்துக்குச் சொல். சாமியார் படம் இருந்தால் கத்தோலிக்கக் கோயிலுக்கும் சொல். உன் மனம் சுத்தம் என்பது உனக்குத் தெரிந்தால் மட்டும் போதாது."

எஞ்சினை லொறியில் ஏற்றும்போது அன்டன் அதைத் தடவிப் பார்த்து, நல்ல தண்ணீரில் கழுவியிருக்கிறது என்று தன் ஆட்களிடம் மெதுவாகச் சொன்னார். உப்பு எஞ்சினைத் தின்றுவிடும் என்பது தொழில்காரனுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு நல்ல தண்ணீரைத் தூக்கித்தான் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பிறகு அவர் சாக்கை அவிழ்த்துப் பாதிக் கருவாட்டை உம்மாவின் முன்னால் வைத்தார். உம்மா தொடவில்லை.

"இப்ப இது நீங்க உங்கட கையால தாறதா மகன்?"

"ஓம் அம்மா. நான் தாறது."

அதற்குப் பிறகுதான் எடுத்தார். மகன் கட்டாருக்குப் போகும்போது அந்தக் கருவாட்டில் கொஞ்சத்தைப் பொரித்துக் கட்டிக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

தம்பிமாரே, இதைக் கேட்டுவிட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடக்கும் எஞ்சின் எல்லாம் அமானிதம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் கண்டவற்றில் பெரும்பாலானவை இலக்கம் அராவப்பட்ட எஞ்சின்கள். அவற்றை வைத்திருந்தவர்கள் சிறைக்குப் போனார்கள், போக வேண்டியவர்கள்தான். ஒருவன் இதே பள்ளி அறிவிப்புக் கதையைச் சொன்னான். அந்தப் பள்ளிக்கு நானே போய் விசாரித்தேன். அப்படி ஓர் அறிவிப்பு யாருக்கும் தெரியாது. தொப்பி போட்டிருந்தான், தாடி வைத்திருந்தான், வாயில் சலவாத்து. களவு என்றுதான் எழுதினேன், ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை.

ஆகவே மனதைத் தேடுவதென்றால் முகத்தில் தேடாதீர்கள், உடுப்பில் தேடாதீர்கள், அழுகையிலும் தேடாதீர்கள். அகப்படுவேன் என்ற எண்ணம் இல்லாத நேரத்தில் அவன் அந்தப் பொருளை என்ன செய்தான் என்று பாருங்கள். நம் மார்க்கத்திலும் வழியில் கிடைத்த பொருளுக்கு ஒழுங்கு சொல்லியிருக்கிறது: அதன் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் அடையாளம் வைத்துக்கொள், ஒரு வருடம் அறிவி, சொந்தக்காரன் வந்தால் கொடு. தண்டனைச் சட்டக்கோவையை எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களும் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். முறைப்பாட்டுக்காரரிடமும் ஒரு கேள்வி கேட்க மறக்காதீர்கள்: இந்தக் கதை உங்களுக்கு எப்படி வந்தது?

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த ஒரு கச்சான் காலத்தில் அன்டன் எனக்குப் போன் எடுத்தார். ஒரு படகு அவர்களுடைய கரைக்கு வந்திருக்கிறதாம். பச்சைப் பெயின்ட், முன்னுக்கு அரபு எழுத்து.

"ஞாயித்துக்கிழம பூசையில பாதர் அறிவிச்சார் மாத்தயா. ஆனா உங்கட ஆக்கள் பூசைக்கு வரமாட்டாங்களே. அதுதான் எடுத்தன். பள்ளியில சொல்லிவிடுங்க. காரியாலயத்துக்கும் சொல்லிட்டன்."

சொல்லிவிடுகிறேன் என்றேன். பிறகு பழைய பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"எஞ்சின் எங்க வெச்சிருக்கிறீங்க அன்டன்?"

அன்டன் சிரித்தார்.

"வேற எங்க மாத்தயா. கட்டிலுக்குக் கீழதான்."